ஆமோதிக்க ஆள் உண்டா?

தலைமை என்னும் தனிப்பெரும் நாற்காலியைத் தம் திருமேனியால் நிறைத்து, என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே சட்டைப்பைக் கடிகாரத்தைத் தொட்டுப் பார்க்கிற அவைத்தலைவர், பென்ஷன் பெற்ற பெரியவர் முத்துநாயகம் அவர்களே! வெற்றிலைச் செல்லமும் வெடுக்கென்ற கேள்வியுமாக முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் அடுப்புமாக வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தலைச்சுமையை இறக்கி வைத்த கையோடு என் பேச்சுச் சுமையை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்த சந்தைச் சகோதரிகளே! இந்தக் கூட்டத்தைக் கலைப்பதற்காகக் கிழக்குக் கட்சி அனுப்பி வைத்த அருமைத் தம்பிகளே! அவர்களுக்கு முந்திக் கலைத்துவிட வேண்டும் என்று மேற்குக் கட்சி அனுப்பி வைத்த ஆருயிர்த் தம்பிகளே! எல்லாருக்கும் இந்தப் புன்னைக்கோணம் சந்தை மைதானத்தில் என் பணிவான மாலை வணக்கம்.

என் பெயர் ததேயுஸ். மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் முன்ஷியாக இருந்து ஓய்ந்தவன். இந்த ஊரில் பாதிப் பேருக்கு இலக்கணம் கற்பித்தேன். அதை அடியோடு மறந்தவர்கள் எல்லாரும் வியாபாரத்தில் முன்னேறியிருக்கிறார்கள். மறக்காத ஒருவன் மட்டும் என்னைப்போல முன்ஷியாகிவிட்டான், பாவம்.

நேற்று இதே மைதானத்தில், இதே மேடையில், கிழக்குக் கட்சியின் இளம் வக்கீல் ஒருவர் இடிபோல் முழங்கினாராம். "சுயேச்சை என்பவர் யார்? கட்சி இல்லாதவர். கட்சி இல்லாதவர் யாருக்குப் பிரதிநிதி? நடுநிலைக்குப் பிரதிநிதி என்கிறார்களே, நடுவில் யார் குடியிருக்கிறார்கள்?" என்று கேட்டாராம். அழகான கேள்வி! ஆழமான கேள்வி! அவரிடம் பதில் இல்லாத கேள்வி! ஏனென்றால் கேட்டுவிட்டு உடனே சோடா குடித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார் என்று கேள்வி.

என்ன தம்பி, என்ன சத்தம்? "வோய் முன்ஷி! பெண்டாட்டிக்கு ஓட்டுக் கேக்கவா வந்தீரு?" என்றா கேட்கிறாய்? ஆமாம் தம்பி, அதற்குத்தான் வந்தேன். என் பெண்டாட்டிக்கு நான் கேட்காமல் யார் கேட்பது? அடுத்தவன் பெண்டாட்டிக்கு நான் ஓட்டுக் கேட்டு அலைந்தால் அல்லவா ஊர் சிரிக்கும்? உட்கார்.

அந்த வக்கீலின் கேள்விக்கு என்னிடம் தத்துவம் இல்லை. நடந்த கதை ஒன்று இருக்கிறது. என் மனைவி ஞானபாய் கவுன்சிலரான கதை. அதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஞானபாய் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நெய்யூர் ஆஸ்பத்திரியில் பிரசவ வேலை படித்தவள். இந்த ஊரில் கிழக்குத் தெருவானாலும் மேற்குத் தெருவானாலும், ஓட்டு வீடானாலும் ஓலைக் குடிலானாலும், பேறுகாலம் என்றால் கறுப்புத் தோல்பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள். நம் நகரசபையில் இன்று மேசையைத் தட்டி முழங்குகிற மூன்று கவுன்சிலர்களின் முதுகைத் தட்டி முதன்முதல் அழவைத்தவள் அவள்தான். அன்று தொடங்கிய அழுகையை அவர்கள் இன்னும் நிறுத்தவில்லை என்பதற்கு அவள் பொறுப்பில்லை!

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றொன்பதில் நகரசபையில் ஓர் இடம் காலியானது. மொத்தம் ஒன்பது இடம். அரிசி மில் வைகுண்டராஜன் தலைமையில் கிழக்குக் கட்சிக்கு நாலு. ஜவுளிக்கடை இஸ்ரவேல் தலைமையில் மேற்குக் கட்சிக்கு நாலு. மேலே அரசாங்கம் நியமித்த சேர்மன். அவருக்கு ஓட்டுக் கிடையாது, மணி உண்டு. அந்த ஒன்பதாவது நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் மற்றவருக்கு வயிறு எரியும். அப்போதுதான் இரண்டு கட்சிக்கும் ஒரே சமயத்தில் ஒரே யோசனை வந்தது.

"நம்ம வீட்டுப் பிள்ளையள எல்லாம் எடுத்தவியளாக்கும். அம்ம நம்ம ஆளு" என்றார் வைகுண்டராஜன்.

"நம்ம சபையில பாட்டுப் பாடுகவியளாக்கும். அம்ம நம்ம ஆளு" என்றார் இஸ்ரவேல்.

இரண்டு கட்சியும் இழுத்து நிறுத்த, எதிர்ப்பே இல்லாமல் ஞானபாய் சுயேச்சைக் கவுன்சிலர் ஆனாள். தேர்தலில் ஜெயித்த அன்று இரண்டு கட்சியும் எங்கள் வீட்டு வாசலில் தனித்தனியே வெடி போட்டன. எங்கள் கோழி மூன்று நாள் முட்டையிடவில்லை.

முதல் கூட்டத்துக்குப் போனாள். கிழக்கு வரிசையில் நாலு நாற்காலி. மேற்கு வரிசையில் நாலு நாற்காலி. நடுவில் சேர்மன் மேசை. ஒன்பதாவது நாற்காலியை எங்கே போடுவது? கிழக்கில் போட்டால் மேற்கு முறைக்கும். மேற்கில் போட்டால் கிழக்கு முறைக்கும். ஆழ்ந்து ஆலோசித்து, வாசற்படிக்கு நேராகப் போட்டார்கள். பார்த்தீர்களா நடுநிலைக்குக் கிடைத்த நல்லிடத்தை! உள்ளே வருகிறவன் காலில் இடிப்பான். வெளியே போகிறவன் முதுகில் இடிப்பான். சாரல் அடித்தால் முதலில் நனைவது அந்த நாற்காலி.

சரி, சண்டை எதைப் பற்றி? நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற இந்தச் சந்தையைப் பற்றி. அன்று இங்கே ஒரு கூரை இல்லை. ஒரு கொட்டகை இல்லை. மீன்காரி வெயிலில் வாடினாள், மீனும் வாடியது. கருப்பட்டிக்காரி மழையில் கரைந்தாள், கருப்பட்டியும் கரைந்தது. சந்தையைச் சீர்திருத்த வேண்டும் என்று இரண்டு கட்சியும் ஒரே குரலில் சொல்லின. ஆனால் கிழக்குக் கட்சி, சந்தையை அரிசி மில்லுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும் என்றது. மேற்குக் கட்சி, ஜவுளிக்கடைக்கு முன்னால் கொண்டுவர வேண்டும் என்றது. என்னே இவர்களுடைய பொதுநலம்! ஊருக்கு உழைக்கிற உத்தமர்களின் உள்ளம், தங்கள் வீட்டு மதிலைத் தாண்டி ஒரு முழமாவது நகர்ந்ததா? நகரவில்லையே!

நாலுக்கு நாலு. ஞானபாயின் கை எந்தப் பக்கம் உயர்கிறதோ அந்தப் பக்கம் சந்தை. வைகுண்டராஜன் என்னைத் தேடி வந்தார்.

"முன்ஷி, நீரு ஒரு வார்த்த சொன்னா அம்ம கேப்பாவல்லா?"

"வோய், மீன்கொழம்புல புளி கூடிப்போச்சுன்னு சொல்லுகதுக்கே எனக்குத் தைரியம் கெடையாது. சந்தைய மாத்தச் சொல்லவா?" என்றேன்.

அவர் போன தடம் மறையுமுன் இஸ்ரவேல் வந்தார். அதே கேள்வி. நானும் அதே பதிலைச் சொன்னேன், குழம்பை மட்டும் மாற்றி.

சிரிக்கிறீர்கள். ஆனால் ஞானபாய் சிரிக்கவில்லை. அவள் மெய்யாகவே நடுநிலை காக்க நினைத்தாள். யோசித்து யோசித்து ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். ஆறு மாதம் சந்தை கிழக்கே. ஆறு மாதம் மேற்கே! எவ்வளவு நேர்மையான பங்கீடு! தராசில் வைத்தால் முள் அசையாது. பெருமையோடு இந்தச் சந்தைக்கு வந்து, கருப்பட்டி விற்கிற தாணம்மாளிடம் சொன்னாள். தாணம்மாள் இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறார். அதோ, அந்தப் புளியமரத்தடியில். அன்று அவர் ஞானபாயை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்மா, ஒரு பிள்ளைய பாதி இந்த வீட்டுலயும் பாதி அந்த வீட்டுலயும் வச்சுப் பேறு பாத்திருக்கியளா?"

"அதெப்பிடி முடியும்?"

"பின்ன, எங்கள மட்டும் ஏன் அப்பிடிப் போடப் பாக்கிய? மில்லுக்குப் பொறத்த எவ வந்து மீன் வாங்குவா? ஜவுளிக்கடைக்கு முன்ன எங்களுக்கு உக்கார எடம் தருவாரா அவரு? நாலு ரோடும் இங்ஙனதான சேருகு? எங்களுக்கு இது மதி, இந்த எடம் போதும். ஒரு கூர போட்டுத் தாருங்க. இத யாராவது எங்ககிட்ட கேட்டியளா?"

கேட்டார்களா? கேட்கவில்லை. கிழக்கு கேட்டதா? இல்லை. மேற்கு கேட்டதா? இல்லை. நடுநிலை நாயகி என் மனைவி கேட்டாளா? அவளும் கேட்கவில்லை! ஏன்? வரி கட்டுகிற நிலம் இருந்தால்தான் இந்த நாட்டில் ஓட்டு. இந்தச் சகோதரிகளில் ஒருத்திக்காவது ஓட்டு உண்டா? கூடைக்குக் கூடை சந்தைத் தீர்வை வாங்குகிற கைக்கு, ஓட்டு என்று வரும்போது மட்டும் ஏன் பக்கவாதம் வருகிறது? இரண்டு பணக்காரர்களுக்கு நடுவே அளந்து பார்த்து அதுதான் ஊரின் நடு என்று அவள் நம்பியிருந்தாள். ஊரின் நடுவோ நாலு ரோடு சேருகிற இடத்தில், வெயிலில் உட்கார்ந்திருந்தது.

அடுத்த கூட்டத்தில் கிழக்குத் தீர்மானம் வந்தது. ஞானபாய் கை தூக்கவில்லை. மேற்குத் தீர்மானம் வந்தது. அப்போதும் தூக்கவில்லை. இரண்டும் நாலுக்கு நாலாகி விழுந்தன. பிறகு எழுந்து நின்று, "சந்தை இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். அதற்குக் கூரை போட வேண்டும். இது என் பிரேரணை" என்றாள்.

சேர்மன் மணியடித்தார். "ஆமோதிக்க ஆள் உண்டா?"

அவையோரே, இந்த மூன்று சொல்லை நினைவில் வையுங்கள். ஒருவர் பிரேரித்தால் இன்னொருவர் எழுந்து ஆமோதிக்க வேண்டும். ஆமோதிக்க ஆள் இல்லையென்றால் அது விவாதத்துக்கே வராது. எட்டுப் பேரும் எட்டுத் திசையைப் பார்த்தார்கள். ஒருவர் விசிறியைப் பார்த்தார். ஒருவர் தம் விரல் நகத்தில் வேதாந்தம் படித்தார். "ஆமோதிக்க ஆளில்லை. பிரேரணை தள்ளுபடி" என்றார் சேர்மன்.

அன்றோடு முடிந்ததா? இல்லை. எங்களுக்கு வந்த கேட்டைக் கேளுங்கள். கிழக்குத் தெருவில் ஒரு வீட்டில் பேறுகாலம், ஞானபாயைக் கூப்பிடவில்லை. மேற்குத் தெருவில் ஒரு வீட்டில் பேறுகாலம், அங்கும் கூப்பிடவில்லை. "அவிய வந்தா மில்லுக்காரரு முகம் கறுக்கும்" என்றார்கள் அங்கே. "அவிய வந்தா ஜவுளிக்கடையில துணி தரமாட்டாவ" என்றார்கள் இங்கே. தினமும் காலையில் அவள் கத்தரிக்கோலை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைப்பாள். துடைத்துத் தோல்பையில் வைப்பாள். வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். யாரும் வரமாட்டார்கள். மறுநாளும் அதே கத்தரிக்கோலை எடுத்துக் கொதிக்க வைப்பாள்.

ஒருநாள் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நான் நடுவுல நிக்கேன்னு நெனச்சேன், கேட்டியளா? நடுவுல இல்ல. நான் வெளிய நிக்கேனாக்கும்."

முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்று கத்தரிக்கோல் துடைக்கத் துணிதான் எடுத்துக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அதிசயங்களுக்கெல்லாம் அதிசயம் ஒன்று நிகழ்ந்தது. கிழக்கும் மேற்கும் ஒன்று சேர்ந்தன! ஆண்டவன் உண்டா இல்லையா என்பதில்கூட ஒத்துப்போகாத வைகுண்டராஜனும் இஸ்ரவேலும், ஒரு பேறுகாலக்காரியை ஒதுக்க வேண்டும் என்பதில் ஒத்துப்போனார்கள். சந்தையைத் தெற்கே சுடுகாட்டுப் பாதைக்கு மாற்றுவது, காலியாகிற இந்த மைதானத்தில் கிடைக்கிற லாபத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. இப்போது நாலுக்கு நாலு அல்ல, எட்டுக்கு ஒன்று. சுயேச்சையின் ஒற்றை ஓட்டுக்கு என்ன மதிப்பு? இரண்டு பேர் அடித்துக்கொள்ளும்வரைதான் நடுவில் நிற்பவருக்கு மரியாதை. அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டால், நடுவில் நிற்பவர் நசுங்க வேண்டியதுதான்!

ஆனி மாதம். தீர்மானம் வருகிற நாள். காலையிலிருந்தே மழை. நான் குடையோடு நகரசபை வாசலில் நின்றேன். கூட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் சந்தைப் பக்கமிருந்து ஒரு வரிசை வந்தது. முன்னால் தாணம்மாள். பின்னால் மீன்காரி பூங்கனி, தலையில் ஓலைக் கடவப் பெட்டியும் பெட்டி நிறையச் சாளை மீனும். அதன் பின்னால் மரச்சீனிக் கிழங்கு, வாழைக்காய், முருங்கைக்காய், முட்டை! நேராக வந்தார்கள். நகரசபை வராந்தாவில் ஏறினார்கள். கடவங்களை இறக்கினார்கள். கடை விரித்தார்கள்.

சேவகன் பாய்ந்து வந்தான். "ஏட்டி, எழும்புங்க! இது சர்க்கார் எடமாக்கும்!"

பூங்கனி அசையவில்லை. "மழ பெய்யுகு மக்கா. ஊருல பொதுக் கூர இது ஒண்ணுதான் உண்டு. மழ விட்டா போவோம்."

மழை விடுகிற மழையா அது? வராந்தாவில் வியாபாரம் களை கட்டியது. நனையாமல் சாமான் வாங்கலாம் என்று கேள்விப்பட்டு ஊரே அங்கே வந்தது. கவுன்சிலர் வீட்டு அம்மாமார்களும் வந்தார்கள். ஜன்னல் வழியே சாளை மணம் சபைக்குள் நுழைந்தது. எட்டுக் கனவான்களும் எட்டுக் கைக்குட்டை எடுத்தார்கள். சேர்மன் மணியடித்தார். "மணியடிக்காரு, ஐஸ்காரன் வந்திருக்கானோ?" என்று வெளியே ஒரு குரல் கேட்டது.

கிழக்குக் கட்சியில் வயதில் இளையவர் குமாரதாஸ். காற்று வாங்க வராந்தாவுக்கு வந்தவர், தம் தாயார் பகவதியம்மாள் முட்டை வாங்கிக்கொண்டிருப்பதைக் கண்டு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். தாயின் கண்ணுக்குத் தூண் ஒரு மறைவா?

"ஏலே குமாரதாசு! இஞ்ச வா. சந்தைய சுடுகாட்டுக்குக் கொண்டுபோறீயளாமே, நெசமா?"

"கட்சி முடிவாக்கும் அம்மா."

"கட்சி கெடக்கட்டும். ஒனக்கு என்ன தோணுகு? அதச் சொல்லு."

"எனக்கு… இருக்க எடத்துலயே இருக்கதுதான் கொள்ளாம், அதான் நல்லதுன்னு தோணுகு."

"பின்ன அத உள்ள போய்ச் சொல்லுகதுக்கு என்ன? வாயில பணியாரமா இருக்கு?"

அத்தனை கடவங்களும் அவரைப் பார்த்தன. அவர் வேட்டியைச் சரி செய்துகொண்டு உள்ளே போனார். அங்கே ஞானபாய் எழுந்து நின்றிருந்தாள். தோற்கும் என்று தெரிந்தும், சுடுகாட்டுத் தீர்மானத்துக்கு ஒரு திருத்தமாக அதே பிரேரணையை மறுபடி வைத்திருந்தாள்.

சேர்மன் கேட்டார்: "ஆமோதிக்க ஆள் உண்டா?"

மழைச் சத்தம். ஜன்னல் நிறைய முகங்கள்.

"நான் ஆமோதிக்கிறேன்" என்றார் குமாரதாஸ்.

வைகுண்டராஜன் நாற்காலியோடு திரும்பினார். "ஏலே, ஒனக்குப் பைத்தியமா?"

"இருக்கும் அண்ணாச்சி. ஆனாலும் ஆமோதிக்கேன்."

அவையோரே! அந்த ஒரு வார்த்தை என்ன செய்தது தெரியுமா? ஆமோதிக்க ஆள் இல்லாதவரை, யாரும் மனத்தைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஆமோதித்துவிட்டாலோ, ஓட்டெடுக்க வேண்டும். ஓட்டெடுத்தால், கை தூக்க வேண்டும். கை தூக்கினால், ஜன்னலில் நிற்கிற பூங்கனிக்குத் தெரியும். பூங்கனிக்குத் தெரிந்தால், நாளைக்கு எந்த வீட்டு அடுப்பில் மீன் கொதிக்கும், எந்த வீட்டில் கொதிக்காது என்பதும் தெரியும்! சேர்மன் கை கேட்டார். ஞானபாய் கை. குமாரதாஸ் கை. சற்றுப் பொறுத்து மேற்கில் ஒரு கை. அதைப் பார்த்து இன்னொரு கை. இஸ்ரவேலுக்கு அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. வைகுண்டராஜன் கைகளைச் சால்வைக்குள் புதைத்துக்கொண்டார். கடைசியில் கிழக்கிலிருந்து ஐந்தாவது கை ஒன்று, தலைவருக்குத் தெரியாமல் காது சொறிவதுபோல உயர்ந்தது. சொறிந்த கையென்றாலும் சேர்மன் எண்ணிக்கொண்டார். ஐந்து! தீர்மானம் நிறைவேறியது.

இந்தக் கூரை அப்படித்தான் வந்தது. முழுக்க வந்ததா? வரவில்லை. கிழக்குப் பாதிக்கு ஓடு உண்டு, மேற்குப் பாதிக்கு இன்னும் ஓலைதான். குமாரதாஸைக் கட்சியிலிருந்து விலக்கினார்கள். ஞானபாயைப் பேறுகாலத்துக்குக் கூப்பிடுகிற வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின, எல்லாமும் திரும்பவில்லை. பெரிய வெற்றி என்று பீற்றிக்கொள்ள நான் வரவில்லை.

இப்போது வக்கீல் தம்பிக்குப் பதில் சொல்கிறேன். ஒரு சுயேச்சை நடுநிலைக்குப் பிரதிநிதியாக முடியுமா? தனியாக முடியாது தம்பி! என்ன, கிழக்குக் கட்சித் தம்பிகள் கைதட்டுகிறீர்கள்? பொறுங்கள், முடிக்கவில்லை. தனியாக நிற்பவர் எவ்வளவு நல்லவரானாலும், வாசற்படியில் போட்ட நாற்காலிதான் அவருக்கு. கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே கோல் வைத்து அளந்து நிற்பவர் இரண்டு பேருக்கும் எடுபிடி. ஆனால் யாரையும் கேட்காமல் முடிவு செய்கிறார்களே, அந்தக் கேட்கப்படாதவர்களைப் போய்க் கேட்டவர் ஒருவர். அவர் எழுந்து சொன்னதை ஆமோதிக்கத் துணிந்தவர் இன்னொருவர். இந்த இரண்டு பேர் சேர்ந்தால், அங்கே தொடங்குகிறது ஊரின் நடு! கட்சிக்குக் கொடி இருக்கலாம். கொள்கை இருக்கலாம். கோஷம் இருக்கலாம். நடுவுக்கு வேண்டியது இரண்டாவது ஆள்!

நாளைக் காலை தேர்தல். ஞானபாய் மறுபடி நிற்கிறாள். குமாரதாஸும் இந்த முறை சுயேச்சையாக நிற்கிறார். நகரசபைக்குள் அவர்கள் என்ன பிரேரிப்பார்கள் என்பதை நீங்கள் சொல்லுங்கள். முதல் பிரேரணையை நான் சொல்கிறேன்: கூடைக்குத் தீர்வை கட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஓட்டு வேண்டும் என்று அரசாங்கத்தைக் கேட்க வேண்டும். இந்த மேடையில் நின்று ததேயுஸ் பிரேரிக்கிறேன். ஆமோதிக்க ஆள் உண்டா?

முன்வரிசைப் பெரியோர்களே, உங்களை நான் இன்னும் கேட்கவில்லை. உங்களுக்கு ஓட்டு இருக்கிறது; நாளைக்குப் பெட்டியில் பதில் சொல்லுங்கள். பின்னால் இருக்கிறவர்களைக் கேட்கிறேன். ஓட்டு இல்லாதவர்களைக் கேட்கிறேன். கேட்கப்படாதவர்களைக் கேட்கிறேன். ஆமோதிக்க ஆள் உண்டா?

அதோ ஒரு கை. அதோ இன்னொன்று. தாயே, பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு நன்றாகத் தூக்குங்கள். கருப்பட்டி ஒட்டிய கையானால் என்ன, மீன் செதிள் ஒட்டிய கையானால் என்ன, தூக்குங்கள்! அவைத்தலைவர் அவர்களே, கடிகாரத்தைப் பையில் வைத்துவிட்டு எழுந்து பாருங்கள். மைதானத்தின் எல்லைவரை பாருங்கள். ஒரு கையும் காது சொறியவில்லை!

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கூச்சலிட்டாலும் கலைக்காமல் இருந்த தம்பிகளுக்கும், கையை இன்னும் இறக்காமல் இருக்கிற என் சகோதரிகளுக்கும் நன்றி சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.